சாம்பலும் மணலும் பூனையும்

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். வெளியே அடைமழை. "ஏங்க, எழுந்திரிங்க. உங்க பொண்ணோட பூனை உங்க கால்மாட்டுலயே போயிருக்கு." தொட்டுப் பார்த்தேன். போர்வை, அதற்குக் கீழே விரிப்பு, அதற்கும் கீழே இலவம்பஞ்சு மெத்தை, மூன்றும் நனைந்திருந்தன. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை.

பூனை எங்களுடையது அல்ல. பெங்களூரில் வேலை பார்த்துவந்த மகள், இரண்டு வருஷ வேலையாக பிரான்ஸ் கிளம்பும்போது காரைக்கால் வீட்டில் கொண்டுவந்து விட்டுப்போனாள். நாலு வயதுக் கடுவன், கருத்தடை செய்தது. பெயர் மினே. பிரெஞ்சுக்காரர்கள் பூனையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. கூடவே ஒரு பிளாஸ்டிக் டிரே, அதில் கொட்ட ஒரு மூட்டை களிமண் குருணை, அள்ளிப் போட ஓட்டைக் கரண்டி ஒன்று.

அந்த டிரேக்கும் மணலுக்கும் பிரெஞ்சில் 'லித்தியேர்' என்று பெயர். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சொல்லைக் கண்டால் அகராதியைத் திறக்காமல் இருக்க முடியாது. படுக்கைக்கு 'லி' என்பார்கள். அதிலிருந்து வந்ததுதான் லித்தியேர். முதலில் பல்லக்கு என்று பொருள். பிறகு தொழுவத்தில் மாடு, குதிரை படுக்க விரிக்கும் வைக்கோல். கடைசியாகப் பூனை மணல். ஆக மினே லித்தியேரை விட்டு லிக்கு வந்திருக்கிறது, இலக்கணப்படி தப்பில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அரசலாத்துப் பாலத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. உங்களுக்குத்தான் பழக்கம் ஆச்சே" என்றாள்.

அந்தப் பழக்கம் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு காலத்தில் ஏழு பூனைகள் இருந்தன. அவை எங்கே போயின என்று வீட்டில் ஒருவரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. அப்படியானால் இந்தத் தொல்லை எப்போது பிறந்தது?

1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு ஐந்து வயது. அப்போது எங்கள் வீடு தெருவிலிருந்து பின்சந்து வரை நீண்ட பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், அடுப்பங்கரை, கடைசியில் கொல்லை. கொல்லையில் கிணறு, நாலு தென்னை, வாழைக் கன்றுகள், ஓரத்தில் எருக்குழி. கடலோரத்து மண், காலால் தள்ளினாலே குழி விழும். பூனைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மழைக்காலத்தில் மட்டும் கொல்லை சொதசொதவென்று ஆகிவிடும். அப்போது பூனைகள் அடுப்பங்கரை மூலையில் குவித்து வைத்திருந்த சாம்பலுக்கு வரும். பாட்டி காலையில் சாம்பலை வாரும்போது திட்டிக்கொண்டே வாருவாள், அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கத் தனியாக ஒரு சட்டியில் மூடிபோட்டுச் சாம்பல் வைத்திருந்ததற்குக் காரணமே இந்தப் பூனைகள்தான் என்று இப்போது புரிகிறது. வறுமையைச் சொல்ல அடுப்பில் பூனை தூங்குகிறது என்பார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் அது தூங்கியதற்கு வேறு காரணமும் உண்டு.

தெருவில் யாராவது வீடு கட்ட மணல் கொட்டினால் அன்றிரவே கிரகப்பிரவேசம் செய்வது பூனைதான். கொத்தனார்கள் காலையில் சலிக்கும்போது முகம் சுளிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அந்த ஈர்ப்பு நேற்று வந்ததல்ல. உலகத்தில் இன்று வீடுகளில் வளரும் பூனைகள் அனைத்தும் ஆப்பிரிக்க, மேற்காசியக் காட்டுப் பூனையின் வழியில் வந்தவை என்று 2007-இல் மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்துப் பிராணி. தண்ணீர் அரிது என்பதால் குறைவாகக் குடித்து, இரையின் உடம்பில் உள்ள ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளும். அதனால் சிறுநீரைக் கெட்டியாக வடித்து வெளியேற்றும். அந்த நாற்றத்தின் மூலம் அதுதான். கடுவனுடையதில் கந்தகம் கலந்த ஒரு அமினோ அமிலமும் அதிகம். காற்றுப்பட்டு நேரமாக ஆக வாடை ஏறிக்கொண்டே போகும். (புனுகு பூனையின் வாடையை நாம் சந்தனத்தோடு சேர்த்துச் சாமிக்குச் சாத்துகிறோம். அது வேறு சாதிப் பிராணி, வேறு சுரப்பி. ஆனாலும் மெத்தையை முகர்ந்த அன்று எனக்கு அந்த எண்ணம் வந்தது.)

சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, ஒரு மனிதனைப் புதைத்த குழிக்கு அரை கஜ தூரத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது கிடைத்தது. சுமார் 9,500 ஆண்டுப் பழமை. ழான்-தெனி வீஞ் என்ற ஆய்வாளரின் குழு 2004-இல் அதை வெளியிட்டது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனமே கிடையாது. ஆகவே யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்தப் படகில் அது எங்கே போனது என்று யோசித்தேன். விடை கிடைக்கவில்லை.

நம் பக்கத்திலும் பழைய உறவுதான். தொல்காப்பியம் மரபியலில் வெருகுக்குட்டி என்று சொல்லலாம் என விதி வகுத்திருக்கிறது. மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவச் சிற்பி செதுக்கிய தவசிப் பூனையைப் பார்க்காதவர் யார்? ஆனால் இத்தனை ஆயிரம் ஆண்டுகளும் பூனை வீட்டுக்குள் வந்து போகிற பிராணியாகத்தான் இருந்தது. இரவும் பகலும் உள்ளேயே அடைந்து கிடக்கவில்லை. அதன் கழிப்பிடம் அதன் பொறுப்பில் இருந்தது.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்த கதை அமெரிக்காவில் நடந்தது. அதுவும் சாம்பலில்தான் தொடங்குகிறது. 1947 ஜனவரி. மிச்சிகன் மாநிலத்தில் கசோபோலிஸ் என்ற சிற்றூர். பனி உறைந்து கிடக்கிறது. ஒரு வீட்டம்மாள் தன் பூனைக்கு வைத்திருந்த மணல் குவியல் கல்லாகிவிட்டது. சாம்பலை வைத்துப் பார்த்தாள். பூனை கரிக்காலோடு வீடெல்லாம் நடந்தது. எட்வர்ட் லோவ் என்ற இளைஞரிடம் கொஞ்சம் மணல் கேட்டு வந்தாள். அவர் கடற்படையிலிருந்து திரும்பி, அப்பாவின் வியாபாரத்தில் இருந்தார். தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச மரத்தூள், களிமண் குருணை விற்கிற வியாபாரம். மணலுக்குப் பதில் இதை வைத்துப் பாருங்கள் என்று ஒரு பை களிமண் கொடுத்தார். அம்மாள் மறுபடி வந்து அதையே கேட்டாள்.

அந்தக் களிமண் வேறொன்றும் இல்லை, நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மிட்டி வகைதான். ஐரோப்பாவில் கம்பளித் துணியின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அதைப் பயன்படுத்தினார்கள். லோவ் ஐந்து பவுண்டுப் பைகளில் நிரப்பி, 65 சென்ட் விலை வைத்து, 'கிட்டி லிட்டர்' என்று எழுதி ஒரு கடைக்குக் கொண்டுபோனார். மணல் கொள்ளை மலிவாகக் கிடைக்கும்போது இதை எவன் வாங்குவான் என்றார் கடைக்காரர். அப்படியானால் சும்மா கொடுங்கள் என்றார் லோவ். வாங்கியவர்கள் பிறகு காசு கொடுத்து வாங்கினார்கள். பூனைக் கண்காட்சிகளுக்குப் போய்த் தன் கையாலேயே கூண்டுகளின் பெட்டிகளைச் சுத்தம் செய்து கொடுத்து விளம்பரம் தேடிய மனிதர் அவர். 1990-இல் கம்பெனியை 20 கோடி டாலருக்கு விற்றார்.

1984-இல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் அடுத்த படியை எடுத்து வைத்தார். பென்டொனைட் என்ற களிமண் ஈரம்பட்டால் ஊதி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அந்த உருண்டையை மட்டும் எடுத்தால் போதும், மீதி மணலைக் கொட்ட வேண்டாம். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் இந்த மண் ஏராளம். கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆகிறது. நான் இப்போது மினேக்கு வாங்குவதும் கட்ச் மண்தான்.

ஆக அமெரிக்காவில் சாம்பல் 1947-இல் விடைபெற்றது. எங்கள் வீட்டில் அது 1982-இல், காஸ் அடுப்பு வந்தபோது. நாலு வருஷம் கழித்துக் கொல்லைக்கும் சிமென்ட் போட்டேன். சேறு இல்லை, பாம்பு வராது, துணி காயப்போட வசதி என்று எல்லாருக்கும் சந்தோஷம். அப்போது வீட்டில் வரிபோட்ட பெட்டைப் பூனை ஒன்று இருந்தது. அதனிடம் யாரும் கேட்கவில்லை.

1987-இல் அது அரிசி டின்னுக்குப் பின்னால் போக ஆரம்பித்தது. பிறகு ஈரத் துணிமேல். பிறகு ஒரு சனிக்கிழமை, ஆபீஸில் முடிக்க முடியாமல் வீட்டுக்கு எடுத்துவந்திருந்த ஓய்வூதியக் கோப்புகள் மேல். கோப்பு நனைந்தால் ஒரு கிளார்க்குக்கு என்ன ஆகும் என்று கிளார்க்குகளுக்குத்தான் தெரியும். சிமென்ட் போட்டதற்குப் பழிவாங்குகிறது, திமிர் என்று எனக்குத் தோன்றியது. கோணிப்பையில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, அரசலாற்றுப் பாலம் தாண்டி, மீன் காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிட்டேன். மீன் கிடைக்குமே என்று சமாதானம். வீட்டில் ஆறு வயது மகள் பூனை எங்கே என்றாள். ஓடிப்போய்விட்டது என்றேன். அவள் கொஞ்ச நாளில் உண்மையைத் தெரிந்துகொண்டாள். மனைவி சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டைப் பூனை கடைசி நாட்களில் அடிக்கடி குந்திக் குந்தி எழுந்தது. அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருந்தது. குந்தும்போது ஒருவிதமாகக் கத்தும். இதெல்லாம் அப்போதும் என் கண்ணில் பட்டதுதான்.

மினேயும் போன ஐப்பசியில் அப்படியே குந்தியது. பெங்களூர் கார் கிளம்புவதற்கு முன் மகள் என்னிடம் தனியாக, "அப்பா, பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்லையே?" என்று கேட்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் கழித்து, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மனைவி கொண்டுபோய் விடச் சொன்ன அன்று காலை மழை விட்டதும், பூனையைக் கூடையில் வைத்து ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் இளைஞர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். கல் இல்லை, கிருமியும் இல்லை, லேசாக ரத்தம். "சார், இது வம்பு பண்ணலை. மூத்திரப்பை வெந்து போயிருக்கு. அந்த டிரேயில உக்காரும்போதெல்லாம் வலிச்சிருக்கு. டிரேதான் வலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு மெத்தான எடமா தேடிருக்கு" என்றார். இன்னொன்றும் சொன்னார், பூனை வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். குந்திக் குந்தி எழுந்தும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் அடைத்துக்கொண்டது என்று பொருள். ராத்திரியானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ள நாளாகியிருக்கிறது. 1970-களில் பூனையின் சிறுநீர்த் தொல்லைகள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டி வைத்திருந்தார்கள். காய்ந்த தீனியில் மக்னீசியம் அதிகம், அதனால் படிகம் சேருகிறது என்று 1980-களில் தீனியை மாற்றினார்கள். அந்த வகைக் கல் குறைந்தது, வேறு வகைக் கல் கூடியது. கல்லும் இல்லாமல் கிருமியும் இல்லாமல் எரிச்சல்படும் பூனைகள் மட்டும் அப்படியே இருந்தன. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்பவர் அவற்றைப் பல வருஷம் ஆராய்ந்தார். மருந்தைவிடச் சூழ்நிலை முக்கியம் என்று கண்டார். இடம், நேரம், ஆள் மாறாமல் இருந்தால் நோய்ப் பூனைகள் தேறின. 2011-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி மேலே போனது: வழக்கத்தைக் குலைத்தால் நோயில்லாத பூனைகள்கூடச் சாப்பிட மறுத்தன, வாந்தி எடுத்தன, டிரேக்கு வெளியே போயின.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டில் மினேக்கு என்னென்ன செய்தோம் என்று கணக்குப் பார்த்தேன். எஜமானி போய்விட்டாள். வீடு மாறியது. மகள் கொடுத்த மூட்டை தீர்ந்ததும் கடையில் மலர் வாசனை போட்ட மணலாகப் பார்த்து வாங்கினேன். நமக்கு நல்ல வாசனை, நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்குக்கு அது எப்படி இருந்திருக்கும்? டிரேயை வைத்த இடம் வாஷிங் மெஷின் பக்கத்தில். அது துணி பிழியச் சுற்றும்போது நானே ஒதுங்குவேன். போதாததற்கு ஜன்னலுக்கு வெளியே தெருக் கடுவன் ஒன்று தினமும் வந்து உட்கார்ந்து முறைத்தது. செலவை மிச்சம் பிடிக்க ஒரு நாள் எம்-சாண்ட் கொட்டிப் பார்த்தேன். மினே ஒரு காலை வைத்து எடுத்து உதறிவிட்டுப் போய்விட்டது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்கிறோம். பிரெஞ்சில் 'ஷா எஷோதே க்ரேன் லோ ஃப்ருவாத்' என்பார்கள்: வெந்நீர் பட்ட பூனை பச்சைத் தண்ணீருக்கும் பயப்படும். பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்தது. இரண்டு மொழியிலும் எனக்கு இது தெரிந்திருந்தது, இரண்டு பூனைகளிடமும் தெரியாதவன்போல நடந்துகொண்டேன்.

இலவம்பஞ்சு மெத்தை போனது போனதுதான். ஃபினாயில் ஊற்றித் துடைத்த இடத்தில் மறுபடி போயிற்று. வாடையை மறைத்தால் போதாது, அதைத் தின்று தீர்க்கும் என்ஸைம் திரவம் வேண்டும் என்றார் மருத்துவர். அமோனியா கலந்ததைத் தொடவே கூடாதாம், பூனைக்கு அதுவும் சிறுநீர் வாடைதான். டிரேயை மாற்றினேன்: பூனையின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு, மூடி இல்லாதது. ஒரு பூனைக்கு இரண்டு டிரே, இரண்டு பூனைக்கு மூன்று, அதுதான் கணக்கு. ஒன்று பழைய இடத்திலிருந்து தள்ளி மாடிப்படிக்குக் கீழே, இன்னொன்று முற்றத்து மூலையில். வாசனை இல்லாத பொடி மணல். காய்ந்த தீனியைக் குறைத்து ஈரத் தீனி. ஜன்னலின் கீழ்ப் பாதிக்குக் காகிதம் ஒட்டினேன், தெருக் கடுவனுக்காக.

தினமும் அள்ள வேண்டும். அதில்தான் எனக்குக் கை கூசியது. மூன்று நாள் மனைவியை அள்ள வைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாலாம் நாள் கரண்டியைக் கையில் எடுத்தபோது, பின்சந்து ஞாபகம் வந்தது. எங்கள் பழைய வீட்டில் எடுப்புக் கக்கூஸ். விடியுமுன் ஓர் அம்மாள் சந்து வழியாக வருவார். எங்கள் அடுப்புச் சாம்பலைத்தான் தூவி, தகரத்தால் அள்ளிக் கூடையில் எடுத்துப்போவார். அந்த நேரம் கொல்லைப் பக்கம் போகக்கூடாது என்பது பாட்டியின் உத்தரவு. அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 1970-களில் செப்டிக் டேங்க் கட்டியபின் அவர் வருவது நின்றது. தடைச் சட்டம் 1993-இல்தான் வந்தது. பூனையின் மணலை, அதுவும் கைப்பிடி வைத்த கரண்டியால் அள்ளுவதற்கு நான் மூக்கைப் பிடித்தேன்.

தினமும் அள்ளுவதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை 1908-இல் தூனிஸ் பாஸ்தர் நிலையத்தில் ஷார்ல் நிக்கோல், லூயி மான்ஸோ என்ற இருவரும் ஒரு எலி வகைப் பிராணியில் கண்டுபிடித்தார்கள். பூனை மலத்தின் வழியாகப் பரவுகிறது என்று தெரிய மேலும் அறுபது வருஷம் ஆயிற்று. மலம் விழுந்தவுடன் அது தொற்றாது. முதிர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் பயமில்லை. கர்ப்பிணிகள் மட்டும் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டும்.

கார்த்திகை பிறப்பதற்குள் மினே டிரேக்குத் திரும்பிவிட்டது. முதலில் முற்றத்து மூலை, பிறகு இரண்டும். சிறுநீர் உருண்டை ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒரு பழைய டைரியில் குறித்து வருகிறேன்; இரண்டிலிருந்து நாலு. குறைந்தால் மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். கிளார்க் புத்தி, தேதிவாரியாகக் கட்டம் போட்டிருக்கிறேன். மகள் வீடியோவில் அந்த டைரியைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர் வீட்டில் மாடி எடுக்கிறார்கள். நேற்று லாரியில் மணல் வந்து இறங்கியது. காலையிலிருந்து மினே ஜன்னல் கம்பியை விட்டு நகரவில்லை. காகிதத்தின் மேல்விளிம்பை இரண்டு அங்குலம் கிழித்துவிட்டிருக்கிறது.